பூத்தில் யாரும் புத்தியை அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் நெருங்கினால் சாய்தளம் போட்டாயிற்றா, சக்கர நாற்காலி வந்ததா, இயந்திரத்தில் பிரெயில் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் கை கால் நன்றாக இருந்து, படிப்பதும் எண்ணுவதும் புது இடத்தில் பதறாமல் நிற்பதும் மட்டும் கடினமாக இருக்கிற அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் ஓட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் இவர்களோடு இருக்கிற பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் வீட்டிலேயே இது தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, மனநிலையைப் பொறுத்தவரை, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதிவாய்ந்த நீதிமன்றம் அறிவித்தவரை மட்டுமே பட்டியலிலிருந்து விலக்குகிறது. நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். டாக்டர் சான்றிதழ் போதாது. ஐ.க்யூ. 50 என்று எழுதிய தாளும் போதாது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யூ.டி.ஐ.டி. அடையாள அட்டையில் எத்தனை சதவீதம் போட்டிருந்தாலும் அது ஓட்டைப் பறிக்காது. மாறாக, வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் அடையாளத்துக்குக் காட்டக்கூடிய ஆவணங்களில் அதே யூ.டி.ஐ.டி. அட்டையும் ஒன்று. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறதே, அதனால் ஓட்டுப் போய்விடுமோ என்று அஞ்சி அந்த விண்ணப்பத்தையே தள்ளிப்போடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் குழு நீதிமன்றம் அல்ல. பாதுகாவலர் வந்தாலும் ஓட்டு மகனுடையதோ மகளுடையதோதான். அதைப் பாதுகாவலர் போட முடியாது.

பெயர் சேர்ப்பதில் சிக்கல் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து "பதினெட்டு முடிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்கும்போது, உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருக்கிற 24 வயதுக்காரரை யாரும் கணக்கில் சொல்வதில்லை. ரேஷன் கார்டில் பெயர் இருக்கும், வாக்காளர் பட்டியலில் இருக்காது. புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. கையெழுத்து வராதவர் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தால் போதும். பெயர் ஏற்கெனவே இருந்தால், மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்லிப் படிவம் 8 கொடுக்க வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாமல் தேர்தல் நாளில் எந்த வசதியும் திட்டமிடப்படாது. நீக்கக் கோரும் படிவம் 7 பற்றியும் ஒரு வார்த்தை. இறந்தவர், இடம் மாறியவர், வயது நிரம்பாதவர், இருமுறை பதிவானவர், குடிமகன் அல்லாதவர் என்றுதான் அதில் காரணங்கள் உண்டு. "புத்தி போதாது" என்று ஒரு கட்டம் அதில் கிடையாது.

எல்லைப்பக்கத்துக்கென்றே ஒரு சங்கதி. இங்கிருந்து வாளையாரையோ கோவிந்தாபுரத்தையோ தாண்டி, கோவை, பொள்ளாச்சிப் பக்கத்து இல்லங்களில் தங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்களின் ஓட்டு எங்கே? அதே 1950 சட்டத்தின் 20-ஆவது பிரிவு, மனநோய்க்கோ மனவளர்ச்சிக் குறைவுக்கோ சிகிச்சை தரும் இடத்தில் இருப்பதாலேயே ஒருவரை அந்த ஊர்க்காரராகக் கொள்ளக் கூடாது என்கிறது. தற்காலிகமாக வீட்டைவிட்டு இருப்பதால் வீட்டு முகவரி அற்றுப்போவதும் இல்லை. எனவே கொழிஞ்சாம்பாறை வீட்டில் பெயர் இருந்தால் இருக்கட்டும். விவரம் புரியாமல் இரண்டு மாநிலத்திலும் எழுதிக்கொடுப்பதுதான் ஆபத்து. ஒருவர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. வாக்குப்பதிவு நாளுக்கு முந்தைய நாளே பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவர, இல்லத்துக்காரர்களிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லி வைத்துவிடுங்கள்.

இனி, நாங்கள் அதிகம் சொல்ல நினைப்பது பழக்கத்தைப் பற்றி. "அவன் யாருக்குன்னு தெரிஞ்சா போடப்போறான், அம்மா சொல்றதுக்குத்தானே போடுவான்" என்கிறார்கள். இந்தக் கேள்வியை வேறு எந்த வாக்காளரிடமும் கேட்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். சொல்வதற்கெல்லாம் தலையாட்டும் பழக்கம் உண்மையிலேயே உண்டு. காரணம், பிறந்ததிலிருந்து எதையும் அவரைக் கேட்டுச் செய்ததில்லை. என்ன சட்டை, என்ன பலகாரம், எந்தப் பக்கத்து இருக்கை, எல்லாம் மற்றவர் முடிவு. அப்படி வளர்ந்தவர் 18 வயதில் திடீரென்று தேர்ந்தெடுக்க மாட்டார். தனக்காகத் தானே பேசுவது என்பது மேடைப் பேச்சு அல்ல. "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்லி, அது நடக்கிறதைக் கண்ணால் பார்ப்பதுதான் அதன் முதல் பாடம். 1974-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இப்படிப்பட்டவர்களே கூடி, "முதலில் நாங்கள் மனிதர்கள்" என்று பெயர் வைத்துத் தொடங்கிய இயக்கமும் இதைத்தான் கேட்டது.

கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழு அமைப்பும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகளும், 18 வயது கடந்தவர்கள் வரும் பட்ஸ் மறுவாழ்வு மையங்களும் இதற்கு ஏற்ற இடம். வாரம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டை ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். தோசையா, சப்பாத்தியா என்று இரண்டு படம், இரண்டு டப்பா, ஆளுக்கு ஒரு சீட்டு. எண்ணுவது எல்லோர் முன்பும். ஜெயித்ததைத்தான் சமைக்க வேண்டும். தோசை கேட்டுத் தோற்றவர் முகம் சுருங்குவார். அடுத்த வாரம் மறுபடி போடலாம் என்பது அவருக்கு அங்கேதான் புரிகிறது. சமையலறையில் மாவு இல்லை என்று முடிவை மாற்றிவிட்டால் பாடம் அதோடு கெட்டது.

வேட்பாளர்களைப் பற்றிக் கேட்கும்போது "இவருக்குத்தானே போடுவே?" என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் பதில் வரும். எல்லாச் சின்னங்களையும் ஒரே அளவில் அட்டையாக வெட்டி மேஜைமேல் பரப்புங்கள், எந்த அட்டையையும் முன்னால் நகர்த்தாதீர்கள். கேட்டபின் பத்து விநாடியாவது வாயை மூடிக் காத்திருங்கள். கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்பவர்கள் உண்டு. அதனால் மறுநாள் வரிசையை மாற்றிக் கேளுங்கள். இரண்டு நாளும் அதே அட்டைக்குக் கை போனால் அது அவர் விருப்பம். உங்களுக்குப் பிடிக்காத கட்சியாக இருந்தாலும்.

வாக்குப்பதிவு இயந்திரம்போல ஒரு பயிற்சி இயந்திரம் செய்வது எளிது. கெட்டியான அட்டையில் ஏழெட்டு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒரு படம். கட்சிச் சின்னம் வேண்டாம், இளநீர், பனங்கிழங்கு, முறுக்கு போதும். வலது ஓரத்தில் அழுத்தினால் மட்டும் இணையும் காலிங் பெல் சுவிட்ச். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர், வரிசைக்கு ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தொடராக 470 ஓம் மின்தடை. சுவிட்சுக்கு நீல நிறம் அடியுங்கள். மூன்று பக்கமும் அட்டை மறைப்பு வையுங்கள். அந்த மறைப்புக்குள் தனியே தலையை நுழைக்கவே பலருக்குப் பயம்.

அசல் இயந்திரத்தில் தவறு நடப்பது எங்கே என்று பாருங்கள். போன் திரையைத் தொட்டுப் பழகிய விரல் நேரே சின்னத்தின் படத்தின்மேல்தான் போகும். படத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. படத்துக்கு நேரே வலதுபுறம் இருக்கிற நீலப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும். தட்டினால் போதாது, அழுத்த வேண்டும். இரண்டாவது, அவசரம். மேலே பச்சை விளக்கு எரியாமல் பொத்தான் வேலை செய்யாது. பூத்தில் இருக்கும் மூன்றாவது வாக்குப்பதிவு அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் விசையைத் தட்டிய பிறகே அது எரியும். பச்சைக்கு முன்பே நாலு முறை அழுத்தி, ஒன்றும் நடக்கவில்லையே என்று கலங்கித் திரும்பி வந்துவிடுகிறார்கள். ஆகவே "பச்சை, நீலம், சிவப்பு, பீப்" என்று நான்கு சொல்லையும் பாட்டுப்போலச் சொல்லிப் பழக்குங்கள். மூன்றாவது, யாருக்குப் போட்டோம் என்று காட்டும் விவிபேட் சீட்டு. கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழுந்துவிடும். பஸ் டிக்கெட்போலக் கைக்கு வரும் என்று அங்கேயே நிற்பவர்கள் உண்டு. வராது, பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று முன்பே சொல்லுங்கள். நான்காவது, மை. விரலைப் பிறர் பிடித்தாலே உதறுகிற ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இடது ஆட்காட்டி விரலில் நெயில் பாலீஷ் தடவி ஒரு வாரம் பழக்கினால் அன்றைக்குக் கூச்சல் இருக்காது.

"மேலிருந்து மூணாவது பொத்தான்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லிக்கொடுக்காதீர்கள். பெயர்களின் வரிசை ஒவ்வொரு தேர்தலிலும் மாறும். கேரளத்தில் அபரன்மார் வேறு, அதாவது ஒரு வேட்பாளரின் அதே பெயரில் இன்னும் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். எழுத்துத் தடுமாறுகிற கற்றல் குறைபாடு உள்ளவருக்கு அது பெரிய குழி. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் இயந்திரத்திலேயே வேட்பாளர் படமும் இருக்கிறது. முகத்தையும் சின்னத்தையும் சேர்த்துப் பழக்குங்கள். பஞ்சாயத்துத் தேர்தல் இதைவிடக் கடினம். கிராமம், பிளாக், மாவட்டம் என்று வெள்ளை, இளஞ்சிவப்பு, நீலத் தாள் ஒட்டிய மூன்று இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முறை அழுத்த வேண்டும். ஒன்றில் அழுத்திவிட்டுக் கிளம்பினால் ஓட்டு முடிவதில்லை. மூன்றிலும் போட விரும்பாதவர் கடைசியில் 'எண்ட்' பொத்தானை அழுத்த வேண்டும். நோட்டாவும் விவிபேட்டும் அதில் கிடையாது. ஒரு தேர்தலுக்குப் பழக்கியது அடுத்ததற்கு உதவாமல் போவது இதனால்தான்.

துணையாள் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49-என் (49N) விதி, பார்வையின்மை அல்லது வேறு உடல் தளர்ச்சியால் சின்னத்தை அறியவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவருக்கு 18 வயது நிரம்பிய ஒரு துணையாளை அனுமதிக்கிறது. அவர் அன்றைக்கு ஒருவருக்கு மட்டுமே துணை போகலாம், இரகசியம் காப்பதாக எழுதிக்கொடுக்க வேண்டும். விதியில் இருப்பது பார்வையின்மை, உடல் தளர்ச்சி என்ற சொற்கள் மட்டுமே. அதைப் பிடித்துக்கொண்டு "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்று துணையாளைத் தடுக்கிற அலுவலரும் உண்டு, வாக்காளர் வாயைத் திறப்பதற்குள் "அம்மாவே போட்டுடுங்க" என்று அனுப்புகிற அலுவலரும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, தேர்தல் தொடர்பான எல்லாமே இவர்களுக்கு எளிதில் புரியும்படி இருக்கத் தேர்தல் ஆணையத்தையும் மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் பொறுப்பாக்குகிறது. எனவே 49-என் விதியில் அறிவுசார் குறைபாட்டையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். அதுவரை வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் இதற்குக் கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். கேள்வியை உடன் வந்தவரிடம் கேட்காமல் வாக்காளரிடமே கேளுங்கள்: "நீங்களே போடுறீங்களா, கூட யாராவது வரணுமா?" பதில் வரும் வரை பொறுங்கள். பூத் ஏஜென்ட் ஆட்சேபித்தால் நினைவில் வையுங்கள், இரண்டு ரூபாய் கட்டி அவர் ஆட்சேபிக்கக் கூடியது இவர் இன்னார்தானா என்பதை மட்டுமே. புத்தியைச் சோதிக்க அவருக்கும் வழியில்லை, தலைமை அலுவலருக்கும் இல்லை.

வரிசையில் நிற்க வேண்டியதில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை உண்டு. இருந்தாலும் காலைக் கூட்டத்தைத் தவிர்த்து, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அழைத்துப் போவதே நல்லது. இரைச்சல்தான் பெரும்பாலும் இவர்களைத் தோற்கடிக்கிறது. முந்தைய நாள் பள்ளி வளாகத்தைச் சுற்றிக் காட்டி, எந்த வாசல் என்று சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்தே ஓட்டளிக்கப் படிவம் 12 டி உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால் பூத்துக்குப் போக முடியாது. நடக்க முடிந்தவருக்கு வசதி என்று அதை எழுதிக்கொடுத்து, ஊரோடு போய் மை வைத்துக்கொண்டு வருகிற மகிழ்ச்சியைப் பிடுங்காதீர்கள்.

பாலக்காடு மாவட்டத் தேர்தல் நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இரண்டு. விழிப்புணர்வுக்காக ஊர் ஊராகக் கொண்டுபோகும் மாதிரி இயந்திரத்தை ஒவ்வொரு பட்ஸ் மையத்திலும் அரை நாள் வைக்க வேண்டும், ஒவ்வொருவரும் மூன்று முறையாவது அழுத்திப் பார்க்கும்படி. தமிழ் பேசும் பஞ்சாயத்துகளுக்கு, பெரிய எழுத்தில், வரிக்கு ஐந்தாறு சொல்லுக்கு மிகாமல், படத்தோடு ஒரு பக்க விளக்கத் தாளைத் தமிழில் அச்சிட வேண்டும். அந்தத் தாளை அச்சுக்கு அனுப்பும் முன் அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பேரிடம் கொடுத்து, எந்த வரி புரியவில்லை என்று கேளுங்கள்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிக்குள் 18 நிரம்புகிறவர்கள் சேரலாம், 17 முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

இப்படிக்கு,
பெற்றோரும் சிறப்பாசிரியர்களும்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.