கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய பணம் வியாழக்கிழமை கணக்கில் வந்துவிட்டது. அதோடு ஒரு வரியும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னமனூர் மாமா நேற்று வந்து, நீ இப்போது எந்தக் கூடைப்பந்து அணிக்கு ஆடுகிறாய் என்று கேட்டார். வடக்கே ஏதோ ஓர் அணி என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அணி மாறுவதை நான் குறையாகச் சொல்ல வரவில்லை. 2015இல் யு.பி.ஏ. லீக் தொடங்கியபோது மும்பை அணிச் சட்டையில் நீ நின்ற படத்தை மாமா கடையில் மாட்டிவைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியது உனக்கே தெரியும். அடுத்தது புனே என்றாய். 2017க்குப் பிறகு அந்த லீக்கே நடக்கவில்லை. அப்புறம் மூன்றுக்கு மூன்று ஆட்டம், கெஸ்ட் பிளேயராக ஊர் ஊராக அலைச்சல், 2022இல் ஐ.என்.பி.எல். என்ற புது லீக் வந்ததும் மறுபடி ஒரு புதுச் சட்டை. ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுச் சொன்ன பிள்ளை, இந்த முறை மட்டும் சொல்லவில்லை.

எந்த அணியாக இருந்தாலும், ஒப்பந்தத்தை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. ஆடும்போது அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது, ஆடாமல் உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்.

பொங்கலுக்கு வந்தபோது நீ உயர்வாகப் பேசிய பி.ஜே. டக்கரைப் பற்றித் தேடிப் படித்தேன். 2006இல் டொரண்டோ அணி தேர்ந்தெடுத்து, ஒரு பருவம்கூட முடியாமல் கைவிட்ட பிறகு, இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று ஐந்தாண்டு ஆடிவிட்டு, 2012இல் ஃபீனிக்ஸ் அணி வழியாக அமெரிக்காவின் பெரிய லீக்கான என்.பி.ஏ.வுக்குத் திரும்பி, 2021இல் மில்வாக்கியோடு கோப்பையும் வென்றவர் என்று போட்டிருந்தது. பெரிய மனிதர்தான். ஆனால் அந்த ஐந்தாண்டில் அவருக்கு எங்கே அடிபட்டது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை. நான் தேடியது அதைத்தான்.

எனக்குப் பிடித்தவர் ஆண்ட்ரே இங்கிராம். பத்தாண்டு கீழ்நிலை லீக்கிலேயே கிடந்து, 2018 ஏப்ரலில், 32 வயதில், பருவத்தின் கடைசி இரண்டு ஆட்டங்களுக்காக என்.பி.ஏ. அணியான லேக்கர்ஸ் அழைத்து, முதல் ஆட்டத்திலேயே 19 புள்ளி எடுத்தவர். எல்லோரும் அந்த ஓர் இரவைத்தான் எழுதுகிறார்கள். மறு ஆண்டு அவருக்குக் கிடைத்தது பத்து நாள் ஒப்பந்தம். அங்கே அப்படி ஒரு முறை இருக்கிறதாம். ஒரே அணி ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் அப்படி எடுக்கலாம், பிறகு பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அவர் கணக்கு டியூஷன் எடுத்துச் சம்பாதித்திருக்கிறார். கணக்கு வாத்தியாரம்மாவின் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை பதினெட்டு ஆண்டு நாட்டுக்கு ஆடி 2021இல் பத்மஸ்ரீ வாங்கியபோது, தெற்கு ரயில்வே வேலையும் அவர் கையில் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உனக்கு வந்த ஆணையை நீ திருப்பிக் கொடுத்த கதையை நான் கிளறப் போவதில்லை. அப்பா இருந்திருந்தால் கிளறியிருப்பார். ஆனால் நீ ரிபவுண்டுக்கு எழும்பும்போது அரங்கமே எழுந்து நின்றதைச் சென்னையில் என் கண்ணால் பார்த்தேன். மேசைக்குப் பின்னால் உட்காரவா இவனைப் பெற்றோம் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுவிட்டேன். எனக்காகத்தான். இரண்டாவது படியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துப் பக்கவாட்டில் இறங்க வேண்டியிருந்தால் யாருக்குமே சிரமம். சாப்பிட இனி மேசையே வைத்துவிட்டேன், யாரும் தரையில் உட்கார வேண்டாம்.

மே மாதம் நம்மூர் சில்வர் ஜூபிலி கிளப் போட்டிக்குப் பந்தல் வேலை தொடங்கப்போகிறது. நீ வருவாயா என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். ஆடத்தான் வர வேண்டும் என்றில்லை. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றும் சொன்னார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்லட்டும்?

புதிதாக ஏதாவது ஒப்பந்தம் வந்திருந்தால், மறுபடியும் சொல்கிறேன், அடிபட்டால் செலவு யாருடையது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

வரும்போது, பொங்கலுக்குப் பையின் அடியில் துண்டு சுற்றி வைத்திருந்தாயே, அந்த ஸ்கேன் உறையையும் எடுத்துக்கொண்டு வா. மதுரையில் காட்டலாம்.

அன்புடன்,
அம்மா