முப்பது மீட்டர் டைமிங் எடுக்கப் போகிறாயாமே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து அதே யோசனைதான். ஃபுட்பால் அகாடமி செலக்‌ஷனில் பையன்களுக்கு 30 மீட்டர் ஓட்டம் எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்ததில் சந்தோஷம். ஆனால் கட்-ஆஃப் போடுவதற்கு அமெரிக்கன் ஃபுட்பாலின் 40 கஜ டைமிங்கை நெட்டில் பார்த்து யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்றாயே, அந்தப் பேப்பரை முதலில் ஓரமாக வை.

40 கஜம் என்றால் 36.58 மீட்டர். கல்லூரிப் பையன்களை எடை போட அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், அவர்களுடைய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் தேர்வில் அதை ஓடுவார்கள். துப்பாக்கி கிடையாது, விசில் கிடையாது, ஓடுகிறவன் தனக்குத் தோன்றும்போது கிளம்பலாம்; அவன் அசைவதைப் பார்த்து ஒருவர் கையால் கடிகாரத்தைத் தட்டிவிடுவார், முடிவுக்கோட்டில் மட்டும்தான் எலக்ட்ரானிக். 2024இல் சேவியர் வொர்தி என்ற ஆட்டக்காரர் அதை 4.21 விநாடியில் ஓடினார். 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசைன் போல்ட்டே 40 மீட்டரைக் கடக்க 4.64 ஆனதே, அப்படியானால் இவர் போல்ட்டைவிட வேகமா என்று கேட்கிறவர்கள் உண்டு. போல்ட்டின் கணக்கில் வெடிச்சத்தம் கேட்டு உடம்பு அசைய ஆன 0.146 விநாடியும் சேர்ந்திருக்கிறது, தூரமும் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் கூடுதல். எப்படி எடுத்தார்கள் என்று தெரியாத டைமிங்கை வைத்து ஒரு பையனை வெளியே அனுப்பாதே, அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

ஒளியை வெட்டிக் கடந்தால் தானாக நேரம் எடுக்கும் கேட் ஒரு செட்தான் இருக்கிறது, சின்னப் பையன்களுக்கு ஸ்டாப்வாட்ச் என்றாய். கிளம்பும்போது கண் பார்த்த பிறகுதான் விரல் அழுத்தும். முடிவுக்கோட்டிலோ பையன் வருவது தெரிவதால் விரல் முந்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் டைமிங் குறையும். தடகளத்தில் கையால் எடுத்த 100 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டுவது இதனால்தான். முப்பது மீட்டரில் அந்தக் கால் விநாடிக்குள் பாதி பேட்ச் அடங்கிவிடும். கேட்டில் ஓடியவனையும் வாட்சில் ஓடியவனையும் ஒரே பட்டியலில் போட்டால் கேட்டில் ஓடியவனுக்கு அநியாயம். வாட்ச் பிடிக்கிறவரைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றவும் விடாதே.

கேட்டை மட்டும் நம்பினாலும் ஆகாது. முன்கால் எங்கே இருக்க வேண்டும் என்று சுண்ணாம்பில் கோடு போடு, கேட்டுக்கு அரை மீட்டர் பின்னால், எல்லோருக்கும் அதே இடம். ஒருவன் இன்னும் தள்ளி நின்று, உடம்பைப் பின்னால் சாய்த்து ஆட்டிக்கொண்டு கிளம்புவான். கடிகாரம் தொடங்கும்போது அவன் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பான். கேட் உயரத்தையும் பார். கை வீச்சு ஒளியை வெட்டினால் ஒரு டைமிங், மார்பு வெட்டினால் இன்னொன்று.

10 மீட்டரில் ஒரு கேட் வைக்க முடிந்தால் கட்டாயம் வை. ஃபுட்பாலில் பந்துக்குப் போட்டி பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முப்பதில் சுமாராக இருப்பவன் பத்தில் எல்லோரையும் முந்தியிருப்பான், தாளில் அது தெரிய வேண்டாமா?

அப்புறம் வயது. பதின்மூன்று வயதுப் பிரிவில் மீசை அரும்பியவனும் இருப்பான், குரல் உடையாதவனும் இருப்பான். ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுது. ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்தவன், இரவல் பூட்ஸில் ஓடுகிறவன், இவர்களை முதல் ஆளாகக் கூப்பிடாதே. நன்றாக வார்ம்-அப் செய்யவிட்டு, நடுவில் மூன்று நான்கு நிமிடம் ஓய்வு கொடுத்து, மூன்று தடவை ஓடவிட்டு நல்லதை எடுத்துக்கொள்.

டாம் பிரேடி 2000இல் அந்த 40 கஜத்தை 5.28 விநாடியில் ஓடி, அணிகள் வரிசையாகப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் 199வது ஆளாக எடுக்கப்பட்டு, அந்த லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை ஏழு தடவை ஜெயித்த கதையை யாராவது கட்டாயம் சொல்வார்கள். அவர் குவார்ட்டர்பேக், பந்தை எறிகிறவர், அவர் வேலை ஓடுவது இல்லை. அதை வைத்து வேகமே வேண்டாம் என்று பேசுவதும் தப்பு. 2017இல் ஜான் ராஸ் என்ற ஆட்டக்காரர் 4.22 ஓடி ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டார், ஆட்டத்தில் அந்த அளவுக்குச் சோபிக்கவில்லை. அந்தக் கதையை ஏனோ யாரும் சொல்வதில்லை.

தேதி முடிவானதும் சொல், டிக்கெட் போட வேண்டும். வாட்ச் பிடிக்க ஆள் குறைந்தால் நான் நிற்கிறேன், ஆனால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடு, அம்மா திட்டுவாள்.

அப்பா