டிரம்பெட்டுக்கு நாக்குப் பிடிப்பு: பழகத் தவக்காலமே தோது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேவாலயத் திருவிழாப் பவனிகளில் டிரம்பெட் சத்தம் வரவர அடங்கிப்போவது பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். ‘இந்தக் காலத்துப் பையன்களுக்கு மூச்சு இல்லை, கீபோர்டும் ஸ்பீக்கரும் வைத்துக்கொள்ளலாம்’ என்று முடித்திருந்தார். முத்தும் சங்கும் எடுக்க முக்குளித்த கரை இது. இங்கே பிறந்த பையன்களுக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்? போவது மூச்சு அல்ல, உதடு.

கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரை ஒன்பது, பத்து நாள். தினமும் சாயங்காலம் நவநாளுக்கு வாசிக்க வேண்டும். கடைசி நாள் சப்பரம் ஊரைச் சுற்றி இறங்க நள்ளிரவு தாண்டிவிடும். பாதித் திருவிழாவுக்குள்ளேயே மேல் சுரங்கள் நழுவ ஆரம்பிக்கும். வாசிப்பவர் உடனே மவுத்பீஸை, அதாவது உதடு வைத்து ஊதும் முனையை, உதட்டில் அழுத்துவார். அழுத்தினால் அப்போதைக்குச் சுரம் வந்துவிடும். ஆனால் மவுத்பீஸ் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே உதடு நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து மரத்துப்போகும். மரத்த உதடு சரியாக அதிராது. அதை அதிர வைக்க இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். கடைசி நாளன்று மேலுதட்டின் உட்புறம் பல் வெட்டிய காயத்தோடு நிற்பவரைப் பார்த்து ‘மூச்சு இல்லை’ என்பது நியாயமில்லை.

நாக்கை முன்னே வைத்து ஊதும் முறை இதற்கு ஒரு வழி. அமெரிக்க டிரம்பெட் ஆசிரியர் ஜெரோம் காலெட் பல ஆண்டுகள் இதைக் கற்பித்துப் பரப்பினார். வழக்கமான முறையில் நாக்கு மேற்பல்லின் பின்னால் ‘து’ என்று தட்டிவிட்டுக் கீழே இறங்கிப் பின்வாங்கிவிடும். இந்த முறையில் நுனிநாக்கு பற்களுக்கு நடுவே முன்னால் வந்து கீழுதட்டின் உள்விளிம்பில் அமரும், சுரம் ஒலிக்கும் நேரம் முழுக்க அங்கேயே இருக்கும். பின்னால் நாக்கு முட்டுக்கொடுப்பதால் கீழுதடு மடிந்து உள்ளே சரியாது. காற்று போகும் வழியும் குறுகுவதால், மேலுதட்டை இழுத்து இறுக்காமலே மேல் சுரம் பிடிபடும். உயரம் கூடக்கூட நுனி அசையாமல் நடுநாக்கு மட்டும் அண்ணத்தை நோக்கி எழ வேண்டும்.

எல்லா ஆசிரியர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேல்நாட்டில் பெரும்பாலோர் இன்னும் பழைய முறையையே கற்றுத்தருகிறார்கள். ஆனால் மேல் சுரத்தில் நாக்குக்கு வேலை உண்டு என்பதில் சண்டை இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், காந்தம் இழுக்காத ஹார்ன் என்ற ஊதுகருவி ஒன்றை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடி ஊதவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். தேர்ந்த கலைஞர்களின் நாக்கு உயர்ந்த சுரங்களில் மேலெழுவது அதில் தெளிவாகத் தெரிகிறது. நாகஸ்வரத்தில் துத்துகாரம் என்று நாக்குக்கென்றே பாடம் இருக்கிறது. பேண்டுக்காரர்கள்தான் நாக்கை அந்த அளவுக்குச் சட்டை செய்வதில்லை.

இப்போது சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. செல்போனில் இந்த முறையைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பையன்கள் மாற்றத் தொடங்குகிறார்கள். உதடும் நாக்கும் அமரும் பழைய பிடிப்பு கலைந்துவிடும், புதியது கூடி வந்திருக்காது. நடுவில் மாட்டிக்கொண்டவருக்குப் பவனியில் இரண்டுமே கைகொடுக்காது. மாற்றுவதாக இருந்தால் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று தொடங்குங்கள். டிசம்பர் முழுக்கக் கிறிஸ்துமஸ் வேலை, பிறகு தைக் கல்யாணங்கள், பிப்ரவரி 4 ஒரியூர் அருளானந்தர் நாள் என்று இந்தப் பக்கம் பேண்டுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் முளைப்பாரியும் அம்மன் கோயில் கொடையும் உண்டு. தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணமும் இல்லை, ஆடம்பரத் திருவிழாவும் அநேகமாக இல்லை. புனித வெள்ளிச் சோக இசை ஒன்றுதான் இடையில் வரும். அதைப் பழைய பிடிப்பிலேயே வாசித்துவிடலாம். அன்று மட்டும் புதிய பிடிப்பைத் தொடாமல் இருந்தால் போதும்.

முதல் வாரம் கருவி வேண்டாம். சூடை மீன் சாப்பிடும்போது சன்ன முள் ஒன்று வாயில் தட்டுப்பட்டால் என்ன செய்வோம்? நுனிநாக்கு அதை உதடுகளின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வரும், ‘த்பூ’ என்று துப்புவோம். அந்த ‘த்பூ’தான் முதல் பாடம். கன்னம் உப்பக்கூடாது, நெஞ்சிலிருந்து காற்றைத் தள்ளவும் கூடாது. நாக்கு விலகும் கணத்தில் தேங்கிய காற்று தானாகத் தெறிக்க வேண்டும். முள்ளைத் துப்பியதும் நாக்கு உள்ளே போய்விடும், இங்கே போகக்கூடாது. ஒரு நூல் கீழிறங்கிக் கீழுதட்டில் உட்கார வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் நாக்கு திரும்பி ஓடுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது மவுத்பீஸ் மட்டும். அதன் வால் பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மட்டும் பிடியுங்கள். முழுக்கையால் பிடித்தால் கை தன்னால் அழுத்தும். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே ஒரு பென்சில் தடிமன் அளவு இடைவெளி இருக்கட்டும். வாய்க்கடைகளைச் சிரிப்பதுபோல் பக்கவாட்டில் இழுக்காமல் நடுவை நோக்கிக் குவியுங்கள். ‘த்பூ’வில் தொடங்கும் அதிர்வு இரண்டு மூன்று விநாடி நின்றால் கருவியில் மாட்டலாம்.

கருவியில் முதல் சுரம், மேல்நாட்டு இசைக்குறிப்பின் ஐந்து கோட்டில் கீழிருந்து இரண்டாம் கோட்டில் வரும் ஜி. வால்வு எதையும் அழுத்த வேண்டாம். நான்கு எண்ணிக்கை ஊதி, நான்கு எண்ணிக்கை மவுத்பீஸை உதட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்க்காத அளவு சத்தம் போதும். அங்கிருந்து அரை அரைச் சுரமாகக் கீழே இறங்குங்கள்: இரண்டாம் வால்வு, பிறகு ஒன்று, ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் மூன்றும், மூன்றும் சேர்த்து, கடைசியில் வால்வு இல்லாமல் கீழ் சி. மேல் சுரத்துக்காகத்தானே இந்தப் பாடு, கீழே ஏன் போக வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். கீழ் சுரம் தடித்து நிறைவாக வராவிட்டால் பல் மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் மேலே ஏறினால் கீச்சுக்குரல்தான் வரும். முதல் இரண்டு வாரம் நாளுக்கு இருபது நிமிடம், அதையும் மூன்று பாகமாகப் பிரித்து ஊதினால் போதும். மூன்றாம் வாரத்தில் வால்வு தொடாமல் ஜியிலிருந்து மூன்றாம் இடைவெளியில் இருக்கும் சிக்கு வழுக்கிப் போய்த் திரும்ப வேண்டும். ‘ஆ’ என்றிருக்கும் வாய்க்குள் ‘ஈ’ என்று சொல்வதுபோல் நடுநாக்கு மட்டும் எழும்பும். மவுத்பீஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். கோடுகளுக்கு மேல் உட்காரும் ஜி அதற்குப் பிறகு. அந்த ஜிக்கும் மேலே வரும் சியை இரண்டு மாதத்துக்குள் தொடாதீர்கள்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் மூச்சு இழுப்பது. காற்றை உள்ளே இழுக்கும்போது நாக்கும் கூடவே பின்னால் போய்விடும். வாசிப்பவருக்கே அது தெரியாது. முதல் சுரம் சுத்தமாக வந்து, மூச்சு எடுத்த பிறகு வரும் சுரம் மட்டும் பிசிறடித்தால் காரணம் இதுதான். நாக்கை எடுக்காமல் வாயின் இரு கடைகளையும் திறந்து மூச்சு எடுக்கப் பழக வேண்டும். இது கைவரும் வரை மூக்கால் எடுத்துக்கொள்ளலாம்.

சத்தம் அடைத்து, ‘ஸ்ஸ்’ என்று காற்று கலந்து வந்தால் நாக்கு அளவுக்கு மீறி முன்னால் வந்துவிட்டது. நுனி கீழுதட்டைத் தொட்டால் போதும், இரு உதடுகளுக்கும் நடுவே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. சுரம் மெலிந்து ஊசிபோல் குத்தினால் பல் நெருங்கிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தும் மேலே போகவில்லையா, வலது சுண்டுவிரலைப் பாருங்கள். டிரம்பெட்டின் மேல் இருக்கும் கொக்கியில் அதை மாட்டி வாயை நோக்கி இழுத்துக்கொண்டிருப்பார்கள். கொக்கியை விட்டுவிட்டு விரலைச் சும்மா மேலே வைத்தாலே பாதி அழுத்தம் குறைந்துவிடும். பயிற்சி முடிந்து சில நிமிடத்தில் உதட்டு வளையத் தழும்பு மறைந்தால் நல்ல குறி. அரைமணி கழித்தும் அது சிவந்து கிடந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

வேகமான தட்டுகள்தான் கடைசியாகக் கைகூடும். நுனிநாக்கு கீழே கட்டுண்டு கிடப்பதால் ‘து’வை நுனியால் தட்ட முடியாது. நுனிக்குச் சற்றுப் பின்னுள்ள பகுதி மேல்பல் விளிம்பைத் தொட்டுத் தட்ட வேண்டும். இரட்டைத் தட்டில் வரும் ‘து-கு’வின் ‘கு’ வழக்கம்போல் பின்நாக்கில் பிறக்கும். முதல் சில வாரம் எல்லாத் தட்டும் குழைந்து கூழாகத்தான் வரும். நடைப் பாட்டுகளில் முக்கால்வாசி இந்தத் தட்டுகள் என்பதால்தான் பவனியில் பரீட்சை பார்க்க வேண்டாம் என்கிறோம்.

சிலருக்கு இந்த முறை ஒத்துவராது. பிறவியிலேயே நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருப்பவர்களுக்கு நுனி கீழுதட்டை எட்டாது. பாக்கும் பாக்குப் பொட்டலமும் போடுகிறவர்களுக்கு அதைவிட மோசமான காரணம் ஒன்று உண்டு. கன்னத்தின் உட்தோல் நார்போல் இறுகி வாய் திறப்பதும் நாக்கு நீளுவதும் குறைந்துகொண்டே வரும் நோய் அது. மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரமான குழம்பு பட்டாலே வாய் எரிகிறது என்றாலோ, பேண்ட் மாஸ்டரிடம் போவதற்கு முன் பல் மருத்துவரிடம் போங்கள். அது புற்றுநோயாக மாறக்கூடியது.

யூஃபோனியம், டிராம்போன்காரர்கள் மேல் சுரங்களுக்கு மட்டும் இதைப் பழகிப் பார்க்கலாம். அந்த மவுத்பீஸ் பெரியது, உதட்டின் பெரும்பகுதி உள்ளே இருக்கும், அதனால் பலன் அவ்வளவு இருக்காது. பேஸ் வாசிப்பவர்களுக்குத் தேவையே இல்லை.

கருவிக்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்த முறையில் குழாய்க்குள் எச்சில் அதிகம் இறங்கும். கரையோரக் காற்றில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. மவுத்பீஸ் செருகும் முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப்போகத் தொடங்கிவிட்டது. வாசித்து முடித்ததும் தண்ணீரை வடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை குடிதண்ணீரில் கழுவுங்கள், உவர்ப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கழுவாததற்குச் சமம். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாளாக நாளாக அது பிசுக்காகி பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரியும் மவுத்பீஸ் உதட்டைப் புண்ணாக்கும். அதில் புது முறை பழகினால் குற்றம் நாக்கின்மேல் விழும்.

விழாக் கமிட்டியாரிடம் ஒரு வேண்டுகோள். பேண்டு பேசும்போது எத்தனை பேர் என்பதோடு டிரம்பெட் எத்தனை என்றும் கேளுங்கள். ஒரே டிரம்பெட் என்றால் எந்த முறையில் ஊதினாலும் உதடு தாங்காது. இரண்டு இருந்தால் மேல் சுரப் பகுதியை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். சப்பரம் நின்று ஜெபம் நடக்கும் இடங்களில் பேண்டையும் நிறுத்திவிடுங்கள், ‘சும்மாதானே நிற்கிறீர்கள், ஒரு பாட்டுப் போடுங்கள்’ என்று கேட்காதீர்கள். மணிக்குப் பத்து நிமிடமாவது மவுத்பீஸ் உதட்டைவிட்டு இறங்க வேண்டும். அந்த நேரத்தில் சோடா, ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும்.

இப்படிக்கு,
திருவிழா பேண்டுகளில் டிரம்பெட் கற்றுத்தருவோர் சிலர்,
பாம்பன்,
ராமநாதபுரம் மாவட்டம்.