அந்தப் பிள்ளையின் முழுப் பாட்டு

தாராவி, மும்பை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "அப்பா, அது என் கையில இல்ல" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் டிவியில் நீ வேலை பார்க்கும் பாட்டு நிகழ்ச்சியைப் பார்த்தோம். கடைசியில் பெயர்கள் ஓடும்போது திரையைப் பாதியாகச் சுருக்கி, பக்கத்தில் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் போட்டுவிட்டார்கள். அப்புறம் செல்போனில் திரும்பப் போட்டு, நிறுத்தி நிறுத்தி உன் பெயரைக் கண்டுபிடித்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொண்ணூறு அடி ரோட்டில் முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவனுக்கு, மகள் பெயர் அந்தப் பெட்டிக்குள் வருகிறது என்றால் நெஞ்சு எப்படி நிறையும் என்று உனக்குத் தெரியும்.

பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் நிகழ்ச்சியை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிட்டேன். பாவாடை தாவணியில் வந்ததே ஒரு பிள்ளை, அது வந்த இடத்தில் மணி பார்த்தேன். பாட்டு ஒன்றரை நிமிஷம். செத்துப்போன அவள் அப்பாவைப் பற்றிய பேச்சு எட்டு நிமிஷம். "அப்பா இப்ப இங்க இருந்தா என்ன சொல்லியிருப்பார்?" என்று ஒருவர் கேட்கிறார். அவளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயசிருக்கும். பதில் சொல்ல வராமல் மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னணியில் வயலின். கீழே உட்கார்ந்திருந்த அவள் அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கேமரா விடவில்லை. மூடாத பக்கமாகச் சுற்றி வந்து அந்த முகத்தைப் பிடித்தது. அதையே மெதுவாக ஓடவிட்டு, விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை காட்டினீர்கள்.

பாப்பா, முகத்தை மூடுகிறவள் பார்க்காதே என்கிறாள். நம் ஊரில் இழவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறவன்கூட வாசலில் கொஞ்சம் நின்றுதான் உள்ளே போவான். நம் சந்தில் ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரர்கள் ரேடியோவைத் தணிப்பார்கள். நீ இங்கே வளர்ந்தவள், பார்த்திருக்கிறாய்.

பிறகு மேடையேறிய நடிகை அவளைக் கட்டிப்பிடித்தார், தன் படம் எந்த வெள்ளிக்கிழமை வருகிறது என்று சொன்னார், இறங்கிப் போனார். அந்தப் பிள்ளையின் சுதியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் மூச்சு வாங்காமல் ஒரே இழுப்பில் போனாளே, நீ கேட்டாயா? மூன்று முறை கேட்டேன் நான். அதைப் பாராட்ட அங்கே யாரும் இல்லை.

அந்தக் காலத்தில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. மும்பையில் தூர்தர்ஷன் 1972 அக்டோபர் 2இல் தொடங்கியது. நான் ஊரிலிருந்து வந்து வேலை பழகியது 1979இல். கருப்பு வெள்ளைப் படம், தூர்தர்ஷன் டவர் இருக்கும் ஒர்லி பக்கம் ஆன்டெனாவைத் திருப்பிவைத்தால் கொஞ்சம் தெளியும். அரசாங்கத்துக்குப் பிடிக்காத செய்தி அதில் வராது. ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். நம் தமிழுக்கு முறை வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கி, பிறகு கேபிளில் நம் சந்துக்கும் வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தமிழ்ச் சத்தம். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது.

நடிகர்கள் மேல் பைத்தியமும் அன்றைக்கே உண்டு. 1987இல் ஞாயிறு காலைகளில் ராமாயணத் தொடர் ஓடத் தொடங்கிய பிறகு ரிப்பேருக்கு வரும் பெட்டிகளில் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். மாலை போட்டுக் கும்பிட்ட பெட்டி. சனிக்கிழமை ராத்திரிக்குள் கொடுத்துவிடு என்று காலில் விழாத குறையாகக் கேட்பார்கள். ஞாயிறு காலை முடிந்தால் அதோடு சரி. நடிகை ஸ்மிதா பாட்டீல் சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் இங்கே தூர்தர்ஷனில் மராத்திச் செய்தி வாசித்தவர். அந்த முகமும் குரலும் ஊருக்கே தெரியும். அவர் வீட்டுச் சங்கதியை யாரும் டிவியில் விரித்து வைக்கவில்லை.

எங்கே வந்து நிற்கிறோம் என்று எனக்கு உறைத்தது 2018 பிப்ரவரியில். நடிகை ஸ்ரீதேவி துபாயில் குளியல் தொட்டியில் மூழ்கி இறந்துபோனார். சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில் பிறந்து, சின்னப் பிள்ளையிலேயே சினிமாவில் முருகனாக வந்தவர். ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட நடித்தவரைப் பற்றிச் சொல்ல எவ்வளவு இருந்தது! சேனல்கள் குளியல் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு நிருபர் ஒரு தொட்டிக்குள்ளேயே இறங்கிக் காட்டினார். உன் அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். இரண்டு வருஷத்தில் இந்தி நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இங்கே பாந்த்ராவில் இறந்தபோது அதைவிட மோசம். சேனல்களே விசாரணை நடத்துவது நீதி வழங்குவதில் குறுக்கிடுவதாகும் என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

உனக்கு மேலே இருப்பவர்கள் ரேட்டிங் கேட்பார்கள், எனக்குத் தெரியும். நாட்டில் டிவி உள்ள வீடு 20 கோடிக்கு மேல். எந்தச் சேனல் ஓடுகிறது என்று ரேட்டிங்குக்காகக் கணக்கெடுக்கும் மீட்டர் வைத்த வீடு ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். யார் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் பட்டன் அமுக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரே சேனலை ஓடவிட்ட வீடுகள் இருப்பதாக 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. அப்போது நிறுத்திவைத்த செய்திச் சேனல் ரேட்டிங் 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. உன் நிகழ்ச்சி அப்படி என்று சொல்லவில்லை. அன்றைக்கு அம்மாவும் அழுதுகொண்டே முழுசாகப் பார்த்தாள். நம் வீட்டில் மீட்டர் இருந்திருந்தால் அந்த எட்டு நிமிஷத்தையும் உங்கள் கணக்கில் சேர்த்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தபோது அவள், "அந்தப் பொம்பள வீட்டுக்குப் போய் இத எப்படிப் பாத்திருப்பா?" என்று கேட்டாள். அது எந்த மீட்டரிலும் பதியாது. எனக்கும் அவளுக்குச் சொல்லப் பதில் இல்லை.

வேலையை விட்டுவிடு என்று சொல்லவில்லை. நீ கஷ்டப்பட்டுச் சேர்ந்த வேலை. அடுத்த முறை எடிட்டில் உட்காரும்போது ஒருத்தி முகத்தை மூடினால், அங்கே வெட்டச் சொல்லு. ஒரு தடவை சொல்லிப் பார். கேட்காவிட்டால் மறுபடியும் சொல்லு.

இன்னொன்று. அவள் பாடியது முழுசாக உங்களிடம் இருக்குமே, வெட்டாமல்? விதிமுறை ஏதாவது இருந்தால் கேட்டு அனுமதி வாங்கி, அந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு காப்பி அனுப்பு. வயலின் இல்லாமல், பேச்சு இல்லாமல், பாட்டு மட்டும். அவள் அம்மா அதைப் போட்டுக் கேட்கட்டும்.

அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள். கீழ்வீட்டுத் தம்பி புதன்கிழமை சென்னை ரயிலில் வருகிறான், கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா