தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பாஸ்மாருக்கும் முதலாளிமாருக்கும்

கொழும்பில் லொறி வேலை செய்யும் கராஜ் பாஸ்மாருக்கும், அவர்களை நம்பி வண்டியை விட்டுவிட்டுப் போகும் முதலாளிமாருக்கும் வணக்கம்.

நான் நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் லொறிகளுக்குப் பொறுப்பானவன். டீசல் பில், ஒயில் பில், டயர் பில் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இந்த மடல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சாமானைப் பற்றியது. ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு கூடு இருக்கும். அதற்குள் இருந்து, எஞ்சின் தண்ணீரின் சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்கான வழியைத் திறந்து மூட வேண்டிய தெர்மோஸ்டாட் வால்வுதான் அது. பழைய கென்டர், எல்ஃப், டைனா லொறி எதை வாங்கினாலும் முதலில் அந்தக் கூட்டைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.

ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டால் வரும் பதிலும் ஒன்றுதான்: "அண்ணன், இது சூடான நாடு. தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரனுக்கு. கழற்றிவிட்டால் எஞ்சின் கூலாக ஓடும், இழுவையும் கூடும்."

சூடான நாடுதான். கொழும்பில் மத்தியான வெயில் 31, 32 பாகை இருக்கும். ஆனால் டீசல் எஞ்சினின் தண்ணீர் 80க்கும் 90க்கும் இடையில் நிற்க வேண்டும். வெளியில் உள்ள காற்று அதைவிட ஐம்பது பாகை அளவில் குளிர்ந்தது. சவூதியில் ஓடும் லொறியிலும் இந்த வால்வு இருக்கிறது. அது நம்மைவிடக் குளிர்ந்த நாடு இல்லை.

ரேடியேட்டரைச் செய்தவன் அதை எந்த நேரத்துக்காகச் செய்தான் என்று யோசியுங்கள். நிறைந்த பாரத்தோடு, இரண்டாம் கியரில், முன்னால் காற்றே இல்லாமல் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து போகும் அந்த நேரத்துக்காக. அதே ரேடியேட்டர் புத்தளம் வீதியில் பாரம் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறிக்கு அளவுக்கு மிஞ்சியது. அந்த மிச்சத்தைக் கட்டுப்படுத்தத்தான் வால்வு. உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்தால் திறக்கும், ஆறினால் வில் அதை மூடிவிடும். அதில் அடித்திருக்கும் 76.5, 82, 88 போன்ற எண் திறக்கத் தொடங்கும் சூடு. முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து பாகை ஏற வேண்டும். வால்வு இல்லாத லொறியில் மீட்டர் முள் அடிக்கோட்டை விட்டு எழும்பாமல் கிடப்பதைப் பார்த்து, "பாருங்கள், எவ்வளவு கூல்" என்று சந்தோஷப்படும் சாரதிமார் இருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு டீசலில்தான் விலை கொடுக்கிறோம்.

எப்படி என்றால், எரியும் டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வேலையாக மாறுகிறது. மீதி புகைக்குழாயிலும் தண்ணீரிலும் சூடாகப் போகிறது. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் தண்ணீருக்குப் போகும் பங்கு கூடும், பிஸ்டனைத் தள்ள மிஞ்சுவது குறையும். அதைவிடப் பெரிய விஷயம் ஒயில். நாம் எல்லோரும் ஊற்றும் 15டபிள்யூ-40 ஒயில் 40 பாகையில் இருக்கும் தடிப்பு, 100 பாகையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். 60 பாகையிலும் 90 பாகையிலும் அதை ஒப்பிட்டாலே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்தத் தடித்த ஒயிலுக்குள் கிராங்கையும் பிஸ்டனையும் நாள் முழுக்க இழுப்பதற்குச் செலவாகும் டீசல் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக எழுதப்படுவதில்லை.

குளிர்ந்த சிலிண்டரில் டீசல் பற்றவும் தாமதிக்கும். பற்றாத துளிகள் சுவரில் பட்டு, ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஒயில் நிற்கும் சம்பில் இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் வியர்த்து, டீசலில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகும். நம் சாதாரண ஓட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் கூட. ரிங், லைனர் சீக்கிரம் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினை இறக்கும்போது ஒயில் கம்பனியைத் திட்டுகிறோம்; கழற்றி எறிந்த வால்வு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

2022 ஜூனில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. பெற்றோல் ஷெட் வாசலில் இரவு பகலாக வரிசை, பிறகு கியூஆர் கோட் காட்டி அளவாக வாங்கும் கோட்டா. அப்போது டயர் காற்றை அளந்தோம், பாரத்தைக் குறைத்தோம், சாரதிமாருக்கு வகுப்பு எடுத்தோம். இந்தக் கூட்டைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இனி பாஸ்மாருக்கு ஒரு கேள்வி. கொதிக்கக் கூடாது என்றுதானே கழற்றுகிறீர்கள்? நிறைய ஜப்பான் எஞ்சின்களில் வால்வின் அடியில் இன்னொரு சின்னத் தட்டு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது, அந்தத் தட்டு கீழே பைபாஸ் வழியை மூடும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்ப எஞ்சினுக்குள் போகும். சமதரையில் தேவைக்கு மேல் குளிர்ந்து ஓடிய அதே லொறி, கடுகண்ணாவையில் பாரத்தோடு ஏறும்போது கொதிக்கும். உடனே ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவு கட்டுவோம்.

கொதிப்பதற்கு உண்மையான காரணம் வேறு எங்காவது இருக்கும். கிணற்றுத் தண்ணீரும் பைப் தண்ணீரும் ஊற்றி ஊற்றி அடைத்துப்போன ரேடியேட்டர், தளர்ந்த ஃபேன் பெல்ட், இறகு தின்னப்பட்ட வோட்டர் பம்ப். எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் ரேடியேட்டர் மூடிமேல்தான். 0.9 என்று அமுக்கத்தின் அளவு அடித்த நல்ல மூடி, தண்ணீர் கொதிக்கும் சூட்டை 118 பாகை வரை தள்ளிவைக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மரக்கறி ஏற்றப் போன லொறி அங்கே ஆவி விட்டால் குற்றம் மூடியுடையது. தண்டனை வால்வுக்கு. அதே லொறி இரவில் ரம்பொடை இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது டீசல் ஏறக்குறைய எரிவதே இல்லை. வால்வு மூடிக்கொண்டால்தான் எஞ்சினுக்குள் சூடு நிற்கும். இல்லாவிட்டால் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வரும் வழியில் பாதித் தூரம் ஆறிப்போன எஞ்சினோடுதான் ஓட்டம்.

இழுவை பற்றிய பேச்சு. எஞ்சினுக்குள் போகும் காற்று குளிர்ந்திருந்தால் இழுவை கூடும், அது சரி. டர்போ லொறிகளில் இன்டர்கூலர் வைப்பது அதற்குத்தான். தண்ணீர் குளிர்வதும் காற்று குளிர்வதும் ஒன்றல்ல. குளிர்ந்த டீசல் எஞ்சின் தாமதமாகப் பற்றி ஒரேயடியாக வெடிப்பதால் சத்தம் கரடுமுரடாக இருக்கும். அந்தச் சத்தத்தைச் சிலர் பலம் என்று நினைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். கம்பியூட்டர் உள்ள கொமன் ரெயில் எஞ்சினில் கதை இன்னும் மோசம். தண்ணீர் சூடேறும்வரை, எஞ்சின் இப்போதுதான் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது என்ற கணக்கிலேயே கம்பியூட்டர் டீசலின் அளவையும் பீய்ச்சும் நேரத்தையும் வைக்கும். டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி பொருத்திய வண்டிகள் பலவற்றில், சூடு போதாவிட்டால் அந்த வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யும் வேலையே தொடங்காது. ஸ்கேனரில் வரும் பீ0128 என்ற கோட் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் தெர்மோஸ்டாட்டின் சூட்டுக்கு ஏறவில்லை என்பதுதான் அது சொல்வது. கோட்டை அழித்துக் கொடுப்பது வேலை செய்ததாகாது.

அதற்காக 82 போட வேண்டிய இடத்தில் 88 போட்டு டீசல் மிச்சம் பிடிக்கப் பார்க்கவும் வேண்டாம். அமெரிக்காவில் கம்மின்ஸ் எஞ்சின் பிக்கப்களில், பழைய 5.9 லீற்றருக்கு 190 பாகை பரன்ஹைட்டாக இருந்த வால்வு பின்னர் வந்த 6.7 லீற்றருக்கு 200 ஆனது. அதாவது 88இல் இருந்து 93. எஞ்சின் செய்கிறவர்கள் மேலேதான் போகிறார்கள், ஆனால் ஃபேன், ரேடியேட்டர், கம்பியூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிக்கொண்டு. நாம் வால்வை மட்டும் ஐந்தாறு பாகை மாற்றுவதால் பில்லில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வராது. பெரிய வித்தியாசம் வால்வு இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையில்தான். அதிலும் புறக்கோட்டையில் ஏற்றி வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடைக்குக் கடை நின்று போகும் டெலிவரி லொறிக்குத்தான் கூடுதல் லாபம். வால்வு இல்லாவிட்டால் அந்த எஞ்சின் மாலைவரை சரியாகச் சூடேறவே மாட்டாது. "வால்வு போட்டால் இத்தனை வீதம் மிச்சம்" என்று ஒரே எண்ணை எல்லா வண்டிக்கும் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

முதலாளிமாரே, அடுத்த முறை கூலன்ட் மாற்றும்போது கூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெறுமையாக இருந்தால் உங்கள் எஞ்சின் இலக்கத்துக்குரிய வால்வைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டு வாங்குங்கள். மலிவுக்கு வேறு எண் வாங்காதீர்கள்.

பாஸ்மாரே, புது வால்வாக இருந்தாலும் பூட்டுமுன் நூலில் கட்டி, அடியில் படாமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கூடவே ஒரு வெப்பமானி. அடித்திருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்குமுன் நன்றாகத் திறந்தால் பூட்டலாம். விளிம்பில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். கீழே போனால் காற்று அடைபட்டு முதல் நாளே கொதிக்கும், அந்தப் பழியும் வால்வுக்கே வரும். கழற்றிய பழைய வால்வைக் குப்பையில் போடாமல் வண்டிக்காரரின் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
நாலாம் குறுக்குத் தெருவில் டீசல் பில்லில் கையெழுத்துப் போடுகிறவன்