சுகர் ஸ்ட்ரிப் குறித்து நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் மருந்துக் கடையில் வாங்கிய சுகர் ஸ்ட்ரிப் (வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் செருகும் பட்டை) தவறான அளவைக் காட்டுகிறது என்றும், பழைய சரக்கை நாங்கள் விலை குறைத்துத் தள்ளிவிடுகிறோம் என்றும் ஒரு குரல் பதிவு உறையூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நேரில் வந்து விசாரித்தவர்களுக்குச் சொன்ன விளக்கத்தை, கேட்கத் தயங்கி மனத்திலேயே வைத்திருப்பவர்களுக்காக எழுத்திலும் தருகிறேன்.

நடந்தது இதுதான். வாடிக்கையாளர் ஒருவர் காலை உணவுக்குப் பின் வீட்டில் விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 198 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) காட்டியிருக்கிறது. பிறகு கிளம்பிப் போய் லேப்பில் ரத்தம் கொடுத்ததில் 162 என்று அறிக்கை வந்திருக்கிறது. கருவியை நம்பி மருந்தைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற அவரது அச்சம் நியாயமானது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டுக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தர அளவான ஐஎஸ்ஓ 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, லேப் அளவு 100க்கு மேல் இருக்கும்போது, நூற்றுக்குக் குறைந்தது 95 முடிவுகள் அந்த அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். 100க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரை முன்பின் இருக்கலாம். இந்தக் கணக்கில் 162க்குக் கருவி ஏறத்தாழ 138 முதல் 186 வரை காட்டலாம். 198 அதற்கு வெளியே நிற்பது உண்மைதான். ஆனால் அந்த அளவுகோல் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்துக்கு உரியது. உணவுக்குப் பின் சர்க்கரை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதற்கும் மேலாக, விரல் நுனியில் வருவது நுண்குழாய் ரத்தம். லேப்பில் எடுப்பது கை நரம்பு, அதாவது சிரை ரத்தம். வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். சாப்பிட்டபின் விரல் ரத்தத்தில் சர்க்கரை 20, 30 புள்ளிகள் கூடுதலாக இருப்பது உடலின் இயல்பு. லேப்பையும் நான் குறை சொல்லவில்லை. இருப்பினும் புளோரைடு இல்லாத குழாயில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்திருந்தால், அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரையைத் தின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இனி 'பழைய சரக்கு' என்ற பேச்சுக்கு வருகிறேன். என்னை உறங்கவிடாதது இந்த ஒரு சொல்தான். குளுக்கோமீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் இருந்த 12 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் அச்சாகி வந்த டப்பாக்களில் பழைய விலைதான் இருந்தது. அவற்றைப் புதிய வரிக்கேற்பக் குறைத்துக் கொடுத்தோம். 1,120 ரூபாய் என்று அச்சிட்ட டப்பாவை 1,050க்குக் கொடுத்தால், "தேதி முடியப்போகிறது, அதனால்தான் குறைக்கிறார்" என்று நினைப்பதா? கொடுக்காமல் இருந்திருந்தால்தான் நான் குற்றவாளி. டப்பாமேல் ஒட்டிய வெள்ளைத் தாள் காலாவதித் தேதியை மறைக்கிறது என்றும் அந்தப் பதிவில் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் தயாராகும் ஸ்ட்ரிப்பில், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இந்திய விலையும் இப்படித் தாளில்தான் ஒட்டப்பட்டு வருகின்றன. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அட்டைப்பெட்டியில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் குப்பியிலும் அச்சாகியிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே. உண்மையில் கவலைப்பட வேண்டியது, இறக்குமதியாளர் பெயரே இல்லாமல் மலிவாக வந்து சேரும் டப்பாக்களைப் பார்த்துத்தான். அந்த வாடிக்கையாளர் வாங்கிய பேட்ச்சில் எங்களிடம் மீதமிருந்த குப்பியை, அவர் முன்னிலையிலேயே திறந்து கண்ட்ரோல் சொல்யூஷன் (சர்க்கரை அளவு முன்கூட்டியே தெரிந்த சோதனைத் திரவம்) விட்டுப் பார்த்தோம். குப்பியில் அச்சிட்டிருந்த எல்லைக்குள்தான் அளவு வந்தது. குரல் பதிவில் இந்தச் செய்தி மட்டும் இல்லை.

அவர் வீட்டுக் குப்பியைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. பொதுவாக ஒன்றைச் சொல்லலாம். ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அல்லது குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கிறது. ரத்தச் சர்க்கரையோடு அது வினைபுரியும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் கருவி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. மூடாமல் விட்ட குப்பியில் ஸ்ட்ரிப், மழைநாளில் வெளியே வைத்த அப்பளம்போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பயணத்துக்காக நாலைந்தை எடுத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஈரம் உறிஞ்சும் பொருள் அந்தக் குப்பியில்தான் இருக்கிறது, மாத்திரை டப்பாவில் இல்லை. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளை 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். திருச்சியின் சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள்ளும், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலும் அது எப்படி முடியும்? அதற்காக ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. சில நிறுவனங்களின் ஸ்ட்ரிப், திறந்த மூன்று மாதத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும். எனவே திறந்த தேதியைக் குப்பிமேல் எழுதி வையுங்கள்.

மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்தால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துதான் வரும். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது மட்டும் போதாது. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பின் குத்த வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். வைட்டமின் சி அதிக அளவில் எடுத்துக்கொள்வோருக்கும் சில ஸ்ட்ரிப்புகளில் அளவு மாறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்களுக்கு எந்த ஸ்ட்ரிப் ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். கேட்காமல் வந்தால் நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னொன்று: வியர்த்து, கை நடுங்கும்போது கருவி 80 காட்டினாலும் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன 15 மில்லிகிராம் கணக்கில், உண்மை அளவு 70க்குக் கீழே இருக்கலாம். முதலில் சர்க்கரையோ குளுக்கோஸோ சாப்பிட்டுவிட்டு, பிறகு பாருங்கள்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் "உங்களிடம்தான் வாங்குவோம்" என்று சொல்லி வந்தவர்களுக்கும், அந்தக் குழுவிலேயே எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பா காலத்துச் சீட்டை இன்னும் பையில் வைத்துக்கொண்டு வரும் பெரியவர்களின் முகங்கள்தாம் இந்த நாள்களில் எங்களுக்குத் தைரியம் தந்தன. இனி ஸ்ட்ரிப்புகளை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்டாக்கிஸ்டிடம் மட்டுமே எடுப்பது என்றும், பில்லில் பேட்ச் எண்ணைத் தவறாமல் குறிப்பது என்றும், அந்தக் கொள்முதல் விலைக்கு ஏற்ப இதுவரை ஸ்ட்ரிப்புக்கு அளித்துவந்த 10 சதவீதத் தள்ளுபடியை அடுத்த மாதம் முதல் நிறுத்திக்கொள்வது என்றும், கடையில் விற்கும் கருவிகள் அனைத்துக்கும் உரிய கண்ட்ரோல் சொல்யூஷனை வாங்கி வைப்பது என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

அளவில் சந்தேகம் வந்தால் கருவியையும் குப்பியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறோம். லேப்போடு ஒப்பிட விரும்பினால், வெறும் வயிற்றில் போய், நரம்பில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் அங்கேயே விரலிலும் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வந்தால், அறிக்கையோடு முதலில் என்னிடம் வாருங்கள். நிறுவனத்துக்கு நானே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மருந்தக உரிமையாளர்,
உறையூர், திருச்சி.