ரீட்மீயை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: எங்கள் டூலிங் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டூலிங் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் காட்டிய டேஷ்போர்டைப் பார்த்தேன். நம் ரெப்போக்கள் (கோடு வைக்கும் களஞ்சியங்கள்) அத்தனையிலும் ரீட்மீ, அதாவது நிறுவி ஓட்டும் வழியைச் சொல்லும் கோப்பு, இருக்கிறது, உங்கள் செக்கரில் அத்தனைக்கும் பச்சை டிக் விழுந்துவிட்டது என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் அதே வாரத்தில் என் பக்கத்து மேசையில் நடந்ததைச் சொல்லாமலிருக்க மனம் வரவில்லை.

வேலையில் சேர்ந்து இரண்டே வாரமான பெண். கல்லூரி முடித்ததும் கிடைத்த முதல் வேலை. எங்கள் பேமெண்ட் சர்வீஸைத் தன் லேப்டாப்பில் ஓட வைக்க வேண்டும், அவளுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். பழகியவர்களுக்கு அரை மணி நேரம் ஆகும். அவளுக்கு மூன்று நாள் ஆனது.

ரீட்மீயின் முதல் படி, சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு பிப் இன்ஸ்டால், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கமாண்ட். 2023க்குப் பிறகு வந்த உபுண்டு பதிப்புகள் இதை ஏற்பதில்லை. சிஸ்டத்தின் பைத்தானில் கை வைக்காதே, விர்ச்சுவல் என்விரான்மென்ட் என்ற தனி இடத்தை உருவாக்கிக்கொள் என்று திருப்பி அனுப்பிவிடும். அங்கே இங்கே தேடி அதை ஒருவழியாகத் தாண்டினாள். அடுத்தது டாக்கர் கம்போஸ் (சர்வீஸின் பகுதிகளை ஒன்றாகக் கிளப்பும் கருவி), நடுவில் ஹைஃபன் போட்ட பழைய கமாண்ட். அந்த முதல் பதிப்புக்கு 2023 ஜூலையோடு ஆதரவு முடிந்துவிட்டது. இப்போது ஹைஃபன் கிடையாது, இடைவெளிதான். அந்த ஒரு சின்னக் கோட்டுக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. மூன்றாவது, மேக் சீட்-டேட்டா. சோதனைத் தரவை நிரப்புகிற கமாண்டாம். மேக் கமாண்டுகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலைத் திறந்தால் அப்படி ஒரு டார்கெட்டே (பெயரிட்ட வேலையே) இல்லை. என்றைக்கும் இருந்ததுமில்லை, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டின் வரலாறு முழுக்கத் தேடிவிட்டேன். ரீட்மீ எழுத நீங்கள் வைத்திருக்கும் ஏஐ ஜெனரேட்டர் தானாகவே இட்டுக்கட்டி எழுதிய வரி அது.

மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு, உபுண்டுவை அழித்துவிட்டு இரண்டாவது முறையாக நிறுவிக்கொண்டிருந்தாள். ஏம்மா, யாரையாவது கேட்டிருக்கலாமே என்றேன்.

"மேலே பச்சை டிக் இருக்கேண்ணா, வெரிஃபைடுன்னு போட்டிருக்கு. நான்தான் எங்கேயோ தப்பு பண்றேன்னு நினைச்சேன்" என்றாள்.

டிக் இல்லாத பழைய ரீட்மீயாக இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே என்னிடம் வந்து நின்றிருப்பாள். அவளை மூன்று நாள் வாய் திறக்கவிடாமல் செய்தது உங்கள் டிக்தான்.

உங்கள் செக்கரின் கோடைப் படித்துப் பார்த்தேன். கோப்பு இருக்கிறதா, குறிப்பிட்ட தலைப்புகள் இருக்கின்றனவா, 300 வார்த்தை தேறுமா, லிங்குகள் திறக்கின்றனவா, அவ்வளவுதான் பார்க்கிறது. எழுதியிருக்கிற கமாண்ட் ஓடுமா என்று பார்க்க ஒரு வரிகூட இல்லை. தொண்ணூறுகளில் வந்த குனு ஆட்டோமேக் என்ற பில்ட் கருவியும் இப்படித்தான். ரீட்மீ, நியூஸ், ஆத்தர்ஸ், சேஞ்ச்லாக் கோப்புகள் இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும். ஆட்கள் டச் கமாண்டால் நாலு காலிக் கோப்புகளை உருவாக்கி அதன் வாயை அடைத்தார்கள். காலிக் கோப்பை நம்பி யாரும் உபுண்டுவை அழிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

தானியக்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நான் கையால் எழுதியவற்றின் லட்சணமும் எனக்குத் தெரியும். 2019இல் நான் எழுதிய ஒரு ரீட்மீ, கிட்ஹப்பிலிருந்து பழைய கிட் புரோட்டோகால் வழியாகக் குளோன் செய்யச் சொல்கிறது. அந்த வழியை கிட்ஹப் 2022 மார்ச்சிலேயே மூடிவிட்டது. நான் கவனித்தது போன வாரம். தினம் இரவு ஒரு ஸ்கிரிப்ட் அதை ஓட்டிப் பார்த்திருந்தால் மறுநாள் காலையிலேயே என் மானம் போயிருக்கும், சரி செய்திருப்பேன்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ரீட்மீயில் இருக்கும் கமாண்டுகளை ஒரு காலிக் கண்டெய்னரில், அதாவது முன்பே எதுவும் நிறுவாத தனிச்சூழலில், ஓட்டிப் பாருங்கள். ஓடினால் டிக் போடுங்கள்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பைத்தானுக்கு டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி வந்து, 2001லிருந்து கணக்குப் போட்டால், இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. டெக்ஸ்ட் கோப்பைக் கொடுத்தாலும் உள்ளிருக்கும் உதாரணங்களை ஓட்டி, எழுதிய விடையும் வந்த விடையும் ஒன்றா என்று பார்த்துவிடும். ரஸ்ட் மொழியில் 2021 முதல் ஒரே வரியில் ரீட்மீயை ஆவணத்துக்குள் இழுத்துக்கொள்ளலாம், டெஸ்ட் ஓட்டும்போது அதிலுள்ள உதாரணங்களும் சேர்ந்தே ஓடும். அவ்வளவு தூரம் ஏன், நம் கிளவுட் குழு, டெராஃபார்ம் கோடுக்கு ஆவணம் எழுதும் டெராஃபார்ம்-டாக்ஸைத்தான் பயன்படுத்துகிறது. அது வேரியபிள் பட்டியலைக் கோடிலிருந்தே எடுத்து, இரண்டு குறியீட்டு வரிகளுக்கு நடுவில் மட்டும் எழுதும். மனிதர் எழுதியதைத் தொடாது. கோடு மாறி ரீட்மீ மாறாவிட்டால் பில்டை நிறுத்தவும் அதற்குத் தெரியும். கோடில் இருப்பதை எடுத்து எழுதட்டும், நல்லது. இல்லாததை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2024இல் வெளிவந்தது. ஏஐக்கள் கற்பனையாகச் சொல்லிவந்த ஒரு பைத்தான் பேக்கேஜின் பெயரில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் காலிப் பேக்கேஜ் ஒன்றைப் பதிவேற்றினார். மூன்றே மாதத்தில் 30,000 முறைக்கு மேல் இறக்கினார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் ரீட்மீயிலும் அந்தப் பெயர் இருந்தது. அவர் நல்லவர், உள்ளே எதையும் வைக்கவில்லை.

நம் ஜெனரேட்டரோ தலைப்புக்குத் தலைப்பு ராக்கெட் படம் போடுகிறது. நம் லாக் சுத்தம் செய்யும் இருபது வரி ஸ்கிரிப்ட் "வலிமையான, நவீன, எதிர்காலத்துக்கு ஏற்ற தீர்வு" என்று அதில் விவரிக்கப்படுகிறது. ஆறு பேட்ஜுகள், அதில் ஒன்று டிராவிஸ் என்ற பில்ட் சேவையின் 2021இல் மூடிய பழைய தளத்துக்குப் போகிறது. இங்கே எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. டிக்கெட்டின் ஸ்டேட்டஸை மாற்றினால் பிரச்சினை தீர்ந்ததாகக் கணக்கு, பயிற்சி வீடியோவை ம்யூட்டில் ஓடவிட்டால் பயிற்சி பெற்றதாகக் கணக்கு.

சரி, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களுக்கும் மேலிடத்திலிருந்து வருகிற நெருக்கடி எனக்குத் தெரியாமல் இல்லை. தினம் இரவு ஒரு ஓட்டம், ரெப்போவுக்குச் சில நிமிடம். ஓடாவிட்டால் டிக்கை எடுத்துவிட்டு ரெப்போக்காரருக்கு ஒரு மெயில். விபிஎன், பாஸ்வேர்ட் தேவைப்படுகிற கமாண்டுகளை ஓட்ட முடியாதுதான். அவற்றை யார், எந்தத் தேதியில் கையால் ஓட்டிப் பார்த்தார் என்று பக்கத்திலேயே எழுதட்டும். தயவுசெய்து அடுத்த ஸ்பிரிண்ட் வேலைச்சுற்றிலாவது இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை ஒரு சிறு உதவி. அந்தப் பெண் நாலாவது நாள் ரீட்மீயைத் தானே திருத்தி எழுதிவிட்டாள். புது லேப்டாப்பில் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன், இருபத்தைந்து நிமிடத்தில் சர்வீஸ் எழுந்து நின்றது. அவளுடைய புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) செவ்வாய்க்கிழமையிலிருந்து மெர்ஜ் ஆகாமல் நிற்கிறது. 140 வார்த்தைதான் இருக்கிறதாம், உங்கள் செக்கர் சிவப்புக் காட்டுகிறது. அதை மட்டும் கொஞ்சம் கையால் அனுமதித்துவிட முடியுமா?

இப்படிக்கு,
பேமெண்ட் குழுவிலிருந்து ஒருவன்